திருத்தும்போது மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது: உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். படம் திருத்தும் மென்பொருளில் மட்டும் வெள்ளை எல்லாம் இளமஞ்சளாகத் தெரிகிறது. மணமகளின் தலையில் வைத்த மல்லிகை பழுத்துப்போனது போல் இருக்கிறது. அதே கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் பளிச்சென்ற வெண்மை.

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். அதிலும் மஞ்சள். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் 255 என்றே, அதாவது தூய வெள்ளை என்றே காட்டுகிறது. ஆகவே படத்தில் கோளாறு இல்லை. கணினியின் இரவு ஒளி வசதியும் காரணமல்ல. அது திரை முழுவதையும் அல்லவா மஞ்சளாக்கும்!

சந்தேகம் மானிட்டரின் வண்ணப் புரொஃபைல் (திரை நிறங்களை எப்படிக் காட்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) மீது விழுந்தது. வண்ண மேலாண்மை அமைப்பில் அதை நீக்கி, சாதாரணத் திரைகளுக்கான பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) புரொஃபைலை வைத்து, மென்பொருளை மூடித் திறந்ததும் வெள்ளை சரியாகிவிட்டது.

கவலையே இனிமேல்தான். என்னுடையது எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) வண்ணங்களையும் காட்டக்கூடிய மானிட்டர். இப்போது அரக்குச் சிவப்புப் பட்டு அளவுக்கு மீறி எரிகிறது. மானிட்டரின் பொத்தானிலேயே எஸ்ஆர்ஜிபி நிலைக்கு மாற்றினால் போதுமா? அல்லது வண்ண அளவீட்டுக் கருவி வைத்துப் புதிய புரொஃபைல் உருவாக்கியே ஆக வேண்டுமா? கருவி வாடகைக்குக் கிடைக்குமா? ஆல்பம் அச்சுக்குப் போக வேண்டும். கூறைப்புடவையின் நிறம் மாறினால் அந்தக் குடும்பத்துக்கு மனம் ஆறாது. அச்சு வேலையில் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.