மெஷின் ரூமில் கிடந்தது குங்குமம் அல்ல

செல்லூர் லிஃப்ட் மெக்கானிக்:

போன வைகாசியில் மதுரை அண்ணாநகர் பக்கம் ஐந்து மாடி அப்பார்ட்மெண்ட் ஒன்றுக்கு முதல் தடவையாக சர்வீஸுக்குப் போனேன். அதுவரை வேறு ஆள் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட். ஆறு பேர் ஏறுவது, 408 கிலோ, 13 மில்லிமீட்டரில் மூன்று கயிறு. மெஷின் ரூம் மொட்டை மாடியில். உச்சி வெயிலில் தகரக் கதவைத் தொட முடியவில்லை, துண்டைச் சுற்றித்தான் திறந்தேன். உள்ளே மெஷினுக்கு அடியில், கோலத்தைக் காலால் கலைத்த மாதிரி சிவப்பாகத் தூள் கிடந்தது. கூட வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஐயா பார்த்துவிட்டு, "ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமம் தம்பி, யாரும் கூட்டலை போல" என்றார்.

ஆயுத பூஜை முடிந்து ஏழு மாசம் ஆகிவிட்டது. மோட்டாரில் வைத்த பொட்டு காய்ந்து, கருத்து, பாதி உதிர்ந்திருந்தது. கீழே கிடந்த தூளோ நேற்றுக் கொட்டியது போல இருந்தது. மெயினை அணைத்துவிட்டுக் கயிற்றை விரலால் ஒரு சாண் தூரம் தடவினேன். விரலில் செங்கல் நிறத்தில் ஒட்டியது, எண்ணெய்ப் பிசுக்கு பேருக்குக்கூட இல்லை. முகர்ந்தால் மஞ்சள் வாசம் இல்லை. வியர்த்த கையில் சில்லறையை இறுக்கிப் பிடித்திருந்தால் வருமே, அந்த வாசம்.

கயிறு என்றால் வெறும் இரும்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த ரகத்தில் எட்டு புரி, புரிக்கு 19 கம்பி, எல்லாவற்றுக்கும் நடுவில் எண்ணெயில் ஊறிய கத்தாழை நார். மோட்டார் சுற்றுகிற சக்கரத்தில் கயிறு வளையும்போது கம்பியும் கம்பியும் உரசும். அந்த நேரத்தில் நடு நார் பிழிபட்டு எண்ணெய் கசியும், உரசல் தெரியாது. நார் காய்ந்துவிட்டால் கம்பி கம்பியையே அரைக்க ஆரம்பிக்கும். அரைபட்ட பொடி துருவாகி வெளியே உதிர்வதுதான் அந்தச் சிவப்பு. மேலே பார்த்தால் கயிறு பளபளவென்றுதான் இருக்கும். தேய்மானம் எல்லாம் உள்ளே.

இவ்வளவு சீக்கிரம் எப்படிக் காய்ந்தது என்று விசாரித்தேன். நாலாவது, ஐந்தாவது மாடியில் ஒரு வருஷமாக டைல்ஸ் வேலையாம். சிமெண்ட் மூட்டை, கிரானைட், எம்.சாண்ட் எல்லாம் லிஃப்ட்டில்தான் ஏறியிருக்கிறது. சிமெண்ட் தூசி ஒட்டுத்தாள் மாதிரி, கயிற்றில் படிந்து எண்ணெயை உறிஞ்சிவிடும். அதோடு நம்ம ஊர் வெயில்.

"ஆயில் போட்டு ஓட்டிப் பார்ப்போமே தம்பி" என்றார் ஐயா. காயத் தொடங்கும்போது போட்டிருந்தால் சரி. இவ்வளவு தூள் கொட்டிய பிறகு, அறுந்த கம்பி எது, அழுக்கு எது என்று கண்ணுக்குத் தெரியாது. கனம் அளக்கிற வெர்னியரை வைத்து, புரியின் மேடு மேட்டில் படும்படி அளந்தேன். 13 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஒரு கயிறு 12.1 காட்டியது. 10 சதவீதம் தேய்ந்தால், அதாவது 11.7-க்கு வந்தால் மாற்று என்பது பரவலான கணக்கு. தூள் இல்லாத கயிறாக இருந்தால் 12.1-ஐ விட்டுவைத்திருப்பேன். இதை விட மனம் வரவில்லை. மூன்றையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

"ஒண்ணுதானே மோசம், அதை மட்டும் மாத்தினா ஆகாதா?" என்று கேட்டார். சித்திரைத் தேருக்கு வடம் பிடித்திருக்கிறீர்களா ஐயா என்றேன். ஒரு வடத்தை இழுக்கிறவர்கள் தொய்ந்துவிட்டால் தேர் நின்றுவிடாது, ஆனால் பாரம் முழுக்க அடுத்த வடத்துக்காரன் தோளுக்குப் போகும். புதுக் கயிறு முதல் சில மாசம் நீண்டுகொடுக்கும், பழையது கொடுக்காது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இழுவை ஒன்றாக இருக்காது, சக்கரத்தின் பள்ளமும் ஒன்று ஆழமாக, ஒன்று மேலாகத் தேயும். இதைச் சொன்னதும் ஐயா சம்மதித்துவிட்டார். சங்கக் கூட்டத்தில் அவர் பட்ட பாட்டை அவர்தான் எழுத வேண்டும்.

உங்கள் கட்டடத்தில் நடந்ததையும் எழுதுங்கள்.

கே.கே.நகர் குடியிருப்புச் சங்கம், பழைய பொருளாளர்:

நான் செய்த தப்பையே எழுதுகிறேன். எங்கள் லிஃப்ட் மேலே போகும்போது கீச்சுக் கீச்சென்று சத்தம். சர்வீஸ் ஆளுக்கு மூன்று தடவை போன் செய்தும் வரவில்லை. வாட்ச்மேன் ஊரில் டிராக்டர் வைத்திருந்தவர். "கிரீஸ் வச்சா சரியாப் போயிரும் சார்" என்றார். நானே ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். மனுஷன் தோசைக்கு நெய் தடவுகிற மாதிரி கயிற்றில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வழித்துத் தடவிவிட்டார்.

சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரே பெருமை. நாலாம் நாள் பார்த்தால், லிஃப்ட் தளத்துக்கு நேராக நிற்கவில்லை. ஆள் நிறைய ஏறினால் இரண்டு விரற்கடை கீழே, காலியாக இருந்தால் மேலே. இரண்டாவது மாடி ஆச்சி கதவு திறந்ததும் காலை வைத்துத் தடுக்கி விழப் பார்த்தார். பேரன் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார்.

அப்புறம்தான் ஆள் வந்தார். மெஷின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தவர், "என்ன சார், வழுக்குமரம் ஆக்கி வச்சிருக்கீங்க" என்றார். கயிற்றுக்கும் சக்கரப் பள்ளத்துக்கும் இடையில் இருக்கிற பிடிமானத்தில்தான் லிஃப்ட்டே ஓடுகிறதாம், கிணற்று ராட்டினத்து வாளி போல ஒரு முனையில் கட்டி இழுப்பது இல்லையாம். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். பெட்ரோல் ஊற்றிக் கழுவிவிடலாமா என்று கேட்டேன். தீப்பிடிக்கும், நடு நாரில் மிச்சம் இருக்கிற எண்ணெயையும் அடித்துக்கொண்டு போகும் என்று திட்டு வாங்கினேன். இரண்டு நாள் லிஃப்ட் நிறுத்தம். ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் காலி. ஒரு முழம் துடைப்பது, லிஃப்ட்டைக் கொஞ்சம் நகர்த்துவது, நிறுத்துவது, மறுபடி துடைப்பது. பள்ளத்தில் அப்பியிருந்ததை மரச்சிம்பில் துணி சுற்றி எடுத்தார்கள். கீச்சுச் சத்தம் கயிற்றிலேயே இல்லை, லிஃப்ட் வழுகிப்போகிற இரும்புத் தண்டவாளத்தின் பக்கம் என்று கடைசியில் தெரிந்தது.

நரிமேடு, மூன்றாவது மாடி:

இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது அண்ணே. அம்மாவுக்கு முழங்கால் வலி, தினமும் லிஃப்ட்தான். கயிறு அறுந்தால் என்ன ஆகும்?

செல்லூர் லிஃப்ட் மெக்கானிக்:

பயப்படாதீங்கம்மா. மூன்று கயிறோ அதற்கு மேலோ இருக்கிற லிஃப்ட்டுக்கு, தூக்க வேண்டிய பாரத்தைப் போல 12 மடங்கு தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. இரண்டே கயிறு என்றால் 16 மடங்கு. மூன்றில் இரண்டு போனாலும் மிச்சம் இருக்கிற ஒன்றுக்கு நாலு மடங்கு வலு இருக்கும். அதையும் மீறி வேகம் கூடினால், வேகத்தைக் கவனிக்கவே கவர்னர் என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது. அது தன் கயிற்றைக் கவ்வும், உடனே லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற பிடி, தண்டவாளத்தை இறுக்கி நிறுத்திவிடும். இன்னொன்று, எதிர்ப்பக்கம் தொங்கும் கவுண்டர்வெயிட் காலி லிஃப்ட்டைவிடக் கனம். காலி லிஃப்ட்டில் பிரேக் விட்டால் அது மேலேதான் போகும். சினிமாவில் மாதிரி தொப்பென்று விழாது.

இதில் எல்லோரும் மறக்கிற விஷயம்: கவர்னர் கயிற்றுக்கு மட்டும் எண்ணெய் போடவே கூடாது. கவ்வ வேண்டிய கயிறு அது. புதுப் பையன்கள் ஆர்வத்தில் அதையும் சேர்த்துத் தடவிவிடுவார்கள். நானும் முதல் வருஷத்தில் செய்திருக்கிறேன். மேஸ்திரி அடிக்கவில்லை, அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அம்மா கிட்டே சொல்லுங்க, லிஃப்ட்டுக்கு 1997-ம் வருஷத்துத் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். உங்கள் கட்டடத்தில் அது இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். கேட்கிற ஆள் இருந்தாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும்.

திருமங்கலம்:

பழநிக்குக் குடும்பத்தோடு போனோம். ரோப் கார் பராமரிப்புக்காக நிறுத்தம் என்று போர்டு. மாசம் ஒரு நாளும், வருஷத்துக்கு ஒரு தடவை வாரக்கணக்கிலும் நிறுத்துவார்கள் என்று மாமனாருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. விஞ்ச் வரிசையில் நின்றபடி திட்டித் தீர்த்தேன். மேலே சொன்னதைப் படித்த பிறகு திட்டினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உசிலம்பட்டி:

மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலையை, எங்கள் ஐயா காலத்தது, நான் பார்த்திருக்கிறேன். கப்பி அச்சுக்கு விளக்கெண்ணெய் விடுவார்கள், வடத்துக்கு விட மாட்டார்கள். இங்கே கயிற்றுக்கே எண்ணெய் என்கிறீர்கள். எவ்வளவு, எதில் போடுவது?

செல்லூர் லிஃப்ட் மெக்கானிக்:

அண்ணே, நார் வடத்துக்கு அது சரி. இரும்புக் கயிற்றுக்கு அதற்கென்றே ரோப் ஆயில் வருகிறது. உள்ளே ஊறிப் போகும் அளவு நீர்த்ததாக இருக்கும், கிரீஸ் இல்லை. கிரீஸ் மேலேயே தோல் கட்டி நிற்கும், தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் காய்ந்த துணியால் துடைப்பேன். அப்புறம் சக்கரத்தில் கயிறு வளைகிற இடத்தில் பிரஷ்ஷால் மெல்லிசாக. அங்கேதான் புரி லேசாக விரிந்துகொடுக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். பிரேக் டிரம்மை முன்னாடியே துணி போட்டு மூடிவிட வேண்டும். அதில் ஒரு சொட்டு விழுந்தால் வேறு கதை. மறுநாள் தடவிப் பார்த்தால் விரல் லேசாகப் பிசுபிசுக்கணும், வழியக் கூடாது. தரையில் சொட்டி இருந்தால் அதிகம் என்று அர்த்தம். வருஷக் கணக்கு வைத்துப் போடுவதைவிட, போகும்போதெல்லாம் விரலை வைத்துப் பார்ப்பதுதான் என் பழக்கம். லிஃப்ட் ஓடும்போது மட்டும் யாரும் கையை வைக்காதீர்கள். கயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒற்றைக் கம்பி கையுறையோடு இழுத்துச் சக்கரத்துக்குள் கொண்டுபோய்விடும்.

அண்ணாநகர் லிஃப்ட்டில் புதுக் கயிறு மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எதிர்பார்த்த மாதிரி நீண்டுகொடுத்தது. கவுண்டர்வெயிட் கீழே இறங்கி, லிஃப்ட் குழியின் அடியில் இடி தாங்க வைத்திருக்கிற பஃபரைத் தொடப் பார்த்தது. இரண்டாவது மாசம் போய்க் கயிற்றை வெட்டிச் சின்னதாக்கினேன், இழுவையையும் மூன்றிலும் ஒன்றாக வைத்தேன். அதற்குப் பிறகு ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். செயலாளர் ஐயா குங்குமச் சிமிழோடு மெஷின் ரூம் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "உள்ளே வைக்கலாமா தம்பி?" என்றார். கதவுக்கு வையுங்கள் ஐயா என்றேன். கதவில் மூன்று பொட்டு வைத்தார், கயிற்றுக்கு ஒன்று என்று எண்ணி.