அப்டேட்: அந்த ஃபீல்ட் வாட்ச் வாங்கிட்டேன், தினமும் கட்டுறேன்

கம்மி விலைல ஒரு மிலிட்டரி ஸ்டைல் வாட்ச் டெய்லி யூஸுக்கு தாங்குமான்னு கேட்டிருந்தேன்ல, வாங்கிட்டு வந்து சொல்லுன்னு நிறைய பேர் சொன்னீங்க, அதான். அகலம் 38 மிமீ, குவார்ட்ஸ் (பேட்டரில ஓடுறது), டயல்ல வெளில 1-12 மணி, உள்வட்டத்துல 13-24 மணி.

படிக்கிறதுக்கு செம ஈசிங்க. ஓரக்கண்ணால பாத்தாலே டைம் தெரியுது. 1964ல அமெரிக்க ராணுவம் மில்-டபிள்யூ-46374ன்னு ஒரு ஸ்பெக் (வாட்ச் எப்படி இருக்கணும்ங்கிற வரையறை) போட்டதே மலிவா, சட்டுனு படிக்கிற மாதிரி வாட்ச் வேணும்னுதான், அந்த டயல் டிசைன அப்படியே எடுத்து வச்சிருக்காங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

லூம்தான், அதாவது இருட்டுல முள்ளும் நம்பரும் ஒளிர்றதுக்கான பூச்சுதான் சுமார். லைட் அணைச்சதும் பளிச்னு இருக்கு, நடுராத்திரி முழிச்சு பாத்தா ஒண்ணும் தெரியல. பழைய ராணுவ வாட்ச்ல ட்ரிடியம்னு ஒரு கதிரியக்கப் பொருள் போட்டாங்க, அது தானா ஒளிரும், இது வெளிச்சத்த வாங்கி வச்சு கக்குற டைப், அவ்ளோதான் எதிர்பாக்கணும்.

பின்னாடி 30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்குன்னு நீச்சலுக்கு கட்டிட்டு போயிடாதீங்க, அது கை கழுவ, மழைச்சாரலுக்குதான்.

கூட வந்த லெதர் ஸ்ட்ராப் வியர்வைல நாற ஆரம்பிச்சிருச்சு, நைலான் நேட்டோ ஸ்ட்ராப் மாத்திட்டேன். ஸ்ட்ராப்ப வாட்ச்சோட பிடிச்சிருக்கிற ரெண்டு பின்னுக்கும் அடில இது ஒரே துண்டா போறதால ஒரு பின் புட்டுக்கிட்டாலும் வாட்ச் கீழ விழாது, துவைச்சும் போடலாம்.

ஆட்டோமேட்டிக் (பேட்டரி இல்லாம, கை அசைவுல தானா சாவி ஏறுறது) வாங்கலாமான்னு கேட்டவருக்கு: டைம் கரெக்டா இருந்தா போதும்னா குவார்ட்ஸே போங்க. ஆனா என்னோடதுல டிக் டிக் சத்தம் கேக்கும், நான் தலைமாட்டுல வைக்கிறதில்ல.