மோட்டார்ஹோமுக்கு நீட்டிப்பு வாரண்டி: எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி: சக்கரவீடு

4 வருஷம் ஓடிய மோட்டார்ஹோம் (வீடு போல உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஒன்றைப் பேசி முடிக்கும் கட்டம். தயாரிப்பாளர் வாரண்டி தீர்ந்துவிட்டது. 5 வருஷ நீட்டிப்பு வாரண்டியைக் கடனோடு சேர்த்துவிட்டால் தவணையில் தெரியவே தெரியாது என்கிறார் டீலர். "எல்லாமே கவர் ஆகும்" என்று வாயால்தான் சொல்கிறார். கையில் தந்தது வண்ணத் துண்டுப்பிரசுரம். கேஸிலும் கரண்டிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ், கூரை ஏசி, பெட்ரோல் ஜெனரேட்டர், 2 ஸ்லைடு அவுட் (நிறுத்தியதும் வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும் பகுதி), வண்டியைச் சமமாக நிறுத்தும் ஹைட்ராலிக் ஜாக் எல்லாம் உண்டு. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: பழைய ஸ்பேனர்

துண்டுப்பிரசுரத்தை ஓரமாக வையுங்கள். ஒப்பந்தத்தின் முழுப் பிரதியைக் கேளுங்கள். கையெழுத்துக்குப் பிறகுதான் தருவோம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பிரதி வந்ததும் பட்டியலைப் பாருங்கள். ஒரு வகை, கவர் ஆகும் பாகங்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கும். பெயர் இல்லையென்றால் பணம் இல்லை. இன்னொரு வகை, கவர் ஆகாதவற்றை மட்டும் எழுதியிருக்கும், மிச்சமெல்லாம் உண்டு. எடுப்பதானால் இரண்டாவதை எடுங்கள். முதல் வகையில் "ஏசி" என்று தலைப்பு இருக்கும், கீழே கம்ப்ரஸரும் ஃபேன் மோட்டாரும் மட்டும் இருக்கும். மோட்டாரைக் கிளப்பிவிடும், அடிக்கடி போகிற கெபாசிட்டரைக் காணோம்.

அடுத்து "சீல், கேஸ்கெட்", "தொடர் சேதம்" என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். ஜாக் சிலிண்டர் சீல் கசிகிறது, எண்ணெய் குறைகிறது, பம்ப் வறண்டு ஓடி எரிகிறது. பம்ப் கவர் ஆகும் பாகம்தான். ஆனால் சீல் விலக்கப்பட்டது, எரிந்தது அதனால் வந்த தொடர் சேதம் என்று சொல்லி மொத்தமாக மறுத்துவிடுவார்கள்.

கோளாறு கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா என்பதையும் கேளுங்கள். ஹீட்டரில் ப்ளோயர் சுற்றுகிறது, தீ பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டத்தை உணரும் செயில் ஸ்விட்சில் பஞ்சு சிக்கியிருக்கலாம், பேட்டரி வோல்டேஜ் குறைந்து ப்ளோயர் மெதுவாகச் சுற்றலாம், கண்ட்ரோல் போர்டு போயிருக்கலாம். ஸ்விட்ச் சின்னப் பொருள், ஹீட்டரைக் கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. காரணம் பஞ்சு என்று தெரிந்தால் அது பராமரிப்புக் குறை. கூலி உங்கள் தலையில்.

பதில்: கூரைநோக்கி

தண்ணீர் கசிவைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் கவர் செய்யாது, அதை நம்பியிருக்காதீர்கள். மோட்டார்ஹோமைக் கொல்வதோ பெரும்பாலும் அதுதான். வெண்டிலேட்டர், ஏசி, ஏணி கூரையைத் துளைக்கும் இடங்களில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்டில் விரிசல் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே ஏறிப் பாருங்கள். உள்ளே அலமாரி மூலைகளை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் வாரண்டியைப் பற்றி அல்ல, வண்டியைப் பற்றியே மறுபடி யோசிக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் பின்கதவைத் திறந்து குழாய்களைப் பாருங்கள். மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ கூலிங் யூனிட் ஓட்டையாகிவிட்டது. துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட்தான் அந்த மஞ்சள். இந்த வகை ஃபிரிட்ஜில் பம்ப் கிடையாது, திரவம் சரிவில்தான் திரும்பி வரும். வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட்டினால் திரவம் தேங்கி, அதைச் சூடாக்கும் பாய்லர் காய்ந்துபோகும், உள்ளே படிவு கட்டி அடைக்கும். அந்த அடைப்பு திரும்பச் சரியாகாது, யூனிட்டையே மாற்ற வேண்டும். கம்பெனி இதைத் "தவறான பயன்பாடு" என்று தள்ள வாய்ப்புண்டு. கையெழுத்துக்கு முன்பே இருந்த கோளாறு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் சுயேச்சையான ஆய்வாளரை வைத்துப் பரிசோதித்து, தேதியிட்ட அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

கடனோடு சேர்க்காதீர்கள். வாரண்டி விலைக்கும் கடைசித் தவணை வரை வட்டி ஓடும். அந்த மொத்தத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் எஞ்சின், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், ஏசி, கூலிங் யூனிட், ஜாக் பம்ப், ஸ்லைடு மோட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் பாகமும் கூலியும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டு எழுதுங்கள். வரக்கூடிய சின்ன ரிப்பேர்களைக் கூட்டினாலும் வாரண்டி விலையைத் தொடாது என்றால் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். டீசல் எஞ்சின், கியர்பாக்ஸ் மாதிரி ஒரே அடியில் சேமிப்பு முழுவதையும் விழுங்கும் செலவை உங்களால் தாங்க முடியாது என்றால் மட்டும் எடுங்கள். எஞ்சின் இல்லாத இழுவை டிரெய்லராக இருந்தால் நான் பெரும்பாலும் வேண்டாம் என்பேன்.

ரிப்பேர் செலவில் நீங்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகை ஒரு வருகைக்கா, ஒரு கோளாறுக்கா? 3 கோளாறோடு போனால் 3 முறை கட்டச் சொல்லும் ஒப்பந்தமும் உண்டு. மணிநேரக் கூலிக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் மிச்சம் உங்கள் கையிலிருந்து.

சக்கரவீடு

பிரதி வந்துவிட்டது. விலக்குகளைப் பட்டியலிடும் வகைதான். "பராமரிப்பு ஆதாரம் இல்லையெனில் செல்லாது" என்கிறது. எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: பழைய ஸ்பேனர்

ஆயில், ஃபில்டர், கூலண்ட் ரசீதுகள், ஒவ்வொன்றிலும் தேதியும் ஓடிய தூரமும். ஜெனரேட்டருக்கு மணிநேர மீட்டர் எண். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை பாதி லோடிலாவது ஓட்டி, அதைக் குறித்து வையுங்கள். சும்மா நின்ற பெட்ரோல் கார்பரேட்டரில் பிசின் கட்டிவிடும், அதையும் பராமரிப்பின்மை என்பார்கள். கூரை சீலண்டுக்குத் தேதியோடு போட்டோ.

கோளாறு வந்தால் எதையும் பிரிக்கும் முன் வாரண்டி கம்பெனியை அழைத்து அனுமதி எண் வாங்குங்கள். பாகத்தை முதலில் கழற்றிப் போட்டுவிட்டு அப்புறம் போன் செய்தால் கிடைப்பது மறுப்புக் கடிதம்தான்.