கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காட்டிப் பிள்ளையை மிரட்டலாமா?

அல்லி:
மகளுக்கு நாலரை வயது. டிசம்பர் பிறந்ததிலிருந்து வீட்டில் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே மருந்துதான். பல் தேய்க்க மாட்டேன் என்றால் "தாத்தா பார்த்துக்கிட்டே இருக்கார்." தம்பியைத் தள்ளிவிட்டால் "பரிசு வராது." சொல்வது கணவரும் மாமியாரும். நேற்று அவள் "நான் குளிக்கும்போதும் பார்ப்பாரா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தாத்தா வருவார், பரிசு வைப்பார் என்ற கற்பனை தாராளமாக இருக்கட்டும். அவரைப் போலீஸ்காரர் ஆக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வீட்டில் என் பக்கம் யாரும் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

மூன்றாம்மாடி:
சகோதரி, நாமெல்லாம் பூச்சாண்டிக்குப் பயந்து சோறு தின்றவர்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் பையனுக்கு ஐந்து வயது. வருஷத்தில் இந்த ஒரு மாதம்தான் நான் கத்தாமல் அவன் செருப்பு மாட்டுகிறான். அதையும் பிடுங்காதீர்கள்.

நூல்கண்டு:
ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் போதுமா?

விஷயத்துக்கு வருகிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்பே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவுமில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், முன்பே ஆசை காட்டப்பட்டவர்கள்தான் வரைவதைக் குறைத்திருந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பரிசு கொடுப்பதில் தவறில்லை, "இதைச் செய்தால் அது" என்று கட்டிப்போடுவதில்தான் சிக்கல்.

மூன்றாம்மாடி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஏற்கெனவே பிடித்த வேலை என்று. பல் தேய்ப்பது என் பையனுக்கு எந்தக் காலத்தில் பிடித்தது? இல்லாத ஆர்வம் எப்படிக் குறையும்?

நூல்கண்டு:
பல் தேய்ப்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் தம்பியிடம் அன்பாக இருப்பது? அது பிள்ளைக்குத் தானாகவும் வரும். அதற்கும் கூலி பேசினால்தான் எனக்குப் பயம்.

வெள்ளைச்சுண்ணாம்பு:
நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். எல்லாரும் வீட்டுக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள், வகுப்பறைக்கு வந்து பாருங்கள். விடுமுறை முடிந்ததும் முதல் பேச்சே "உனக்கு என்ன வந்தது" என்பதுதான். ஒருத்திக்குச் சைக்கிள், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு பெட்டி கலர் பென்சில். நல்ல பிள்ளைக்கு நல்ல பரிசு என்று நாம் சொல்லி வைத்திருப்பதை அவன் அப்படியே நம்புகிறான். தன் அப்பாவின் சம்பளம் அவனுக்குத் தெரியாது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் கணக்குப் போடுவான். என்னிடம் வந்து கேட்டும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல என்னிடம் நல்ல பதில் கிடையாது. பெரிய பரிசை அப்பா அம்மா பெயரிலும் சின்னதைத் தாத்தா பெயரிலும் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சுவேன்.

நேர்கோடு:
தாத்தாவே பொய். பொய்யை எப்படி அழகாகச் சொல்வது என்று இவ்வளவு நீளமாகப் பேசுகிறீர்கள். உண்மை தெரியும் நாளில் பிள்ளை உடைந்துபோகும்.

நூல்கண்டு:
அப்படி உடைவதாகத் தெரியவில்லை. 1994இல் வெளியான ஆய்வொன்றில், உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட பிள்ளைகளிடம் பேசினார்கள். பெரும்பாலும் ஏழு வயதுவாக்கில் தாங்களே கண்டுபிடித்தவர்கள். பொதுவாகச் சந்தோஷமாகத்தான் சொன்னார்களாம். வருத்தப்பட்டது பெற்றோர்தான்!

அல்லி:
நேர்கோடு, அது வேறு விவாதம், அதற்கு இன்னொரு நாள் சண்டை போடலாம். மூன்றாம்மாடி, ஒன்று கேட்கிறேன். இந்தத் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலஸ் நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் ராத்திரியில் பொற்காசுப் பையைப் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. "நீங்கள் நல்ல பெண்களா?" என்று அவர் விசாரித்ததாகக் கதையில் இல்லையே.

மூன்றாம்மாடி:
அதே நிக்கோலஸுடன் ஆஸ்திரியா பக்கம் கொம்பு வைத்த கிராம்பஸும் சுற்றுகிறான், குறும்புப் பிள்ளைகளை மிரட்ட. பயம் நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

அல்லி:
சரி, உங்கள் பையன் சொல்பேச்சே கேட்கவில்லை. 25ஆம் தேதி காலையில் மரத்தடியை வெறுமையாக விடுவீர்களா?

மூன்றாம்மாடி:
சேச்சே. பரிசு எப்போதோ வாங்கி அலமாரி மேலே ஒளித்தாகிவிட்டது.

அல்லி:
அப்புறம் எதற்கு மிரட்டல்? அதை ஐந்து வயதில் இல்லாவிட்டாலும் ஆறு வயதில் கண்டுபிடித்துவிடுவான்.

மூன்றாம்மாடி:
அதுவரைக்கும் ஓடட்டுமே. நீங்கள் என்ன சொல்லிப் பல் தேய்க்க வைக்கிறீர்கள்?

அல்லி:
தேய்த்தால் ஒரு கதை. தேய்க்க நேரமானால் கதைக்கு நேரமில்லை.

மூன்றாம்மாடி:
அது லஞ்சம் இல்லையா?

அல்லி:
லஞ்சம்தான். ஆனால் அன்றைய கணக்கு அன்றைக்கே முடிந்துவிடும். குளியலறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

மூன்றாம்மாடி:
குளியலறை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். "பார்த்துக்கிட்டே இருக்கார்" இன்றோடு நிறுத்தம். கதை லஞ்சத்தை ஜனவரியில் ஆரம்பிக்கிறேன். செருப்பு மாட்டுவதற்கு மட்டும் 25 வரை தாத்தாவை விட்டுக்கொடுங்கள்.