ஹைவில் ஒரே டவுன்வோட்டில் பதிவின் வருமானம் பூஜ்யம்: இது கோளாறா, யாரிடம் முறையிடுவது?

தறிச்சத்தம்:
வணக்கம். வாசகர்களின் ஓட்டைப் பொறுத்துப் பதிவுகளுக்குக் கிரிப்டோ நாணயத்தில் பணம் தரும் ஹைவ் தளத்தில் கைத்தறி பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வருகிறேன். படங்கள் நானே எடுத்தவை, எழுத்தும் என்னுடையது. போன வாரப் பதிவுக்கு ஆறாம் நாள் வரை 9 டாலர் காட்டியது. ஏழாம் நாள் பணம் கணக்கில் சேரும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு கணக்கு டவுன்வோட் (எதிர் ஓட்டு) போட்டது. அவ்வளவுதான், தொகை 0.00. காரணம் கேட்டதற்கு "பரிசுத் தொகையில் உடன்பாடில்லை" என்று ஒரு வரி. அதற்கு மேல் பதில் இல்லை.

அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பதிவுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வேண்டாம் என்கிறார், அவர் சொன்னதுதான் நடக்கிறது. இது எப்படி? இன்னொன்று, தமிழ் நண்பர்கள் போடும் ஓட்டுகள் தொகையில் ஏறவே இல்லை. மென்பொருளில் ஏதாவது கோளாறா?

தொடர்பு இருக்குமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: என் ஹைவ் பவரில் (கணக்கில் பூட்டி வைத்த ஹைவ் நாணயம்) பெரும்பகுதியை ஒரு ஓட்டுச் சேவைக்கு டெலிகேட் செய்திருக்கிறேன், அதாவது பயன்படுத்தக் கொடுத்திருக்கிறேன். பதிலுக்கு அவர்கள் என் பதிவுகளுக்குத் தானாக ஓட்டுப் போடுவார்கள்.

கணக்கர்:
கோளாறு இல்லை நண்பரே. அங்கே தலையை எண்ணுவதில்லை, ஓட்டுப் போடுபவர் பூட்டி வைத்திருக்கும் ஹைவ் பவரைத்தான் எடை போடுகிறார்கள். அறுபது பேரின் பவரையும் கூட்டினாலும் அந்த ஒரு கணக்கின் பவருக்குக் குறைவாக இருந்தால், அவர் பக்கம்தான் சாயும். அப்வோட் கூட்டல், டவுன்வோட் கழித்தல். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் எழுதியவருக்கும் இல்லை, ஓட்டுப் போட்டவர்களுக்கும் இல்லை.

நண்பர்களின் ஓட்டு விஷயமும் இதே கணக்குதான். அவர்களுடைய பவர் சில்லறை அளவில் இருப்பதால் சென்ட்டில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை, திரையில் 0.00 என்றே தெரியும். அப்புறம் மொத்தத் தொகை 0.02 டாலரைத் தொடாவிட்டால் அந்தப் பதிவுக்குப் பணமே வராது. புதிதாக வருபவர்கள் மனம் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வைகறை:
கணக்கர் சொல்வது விதி. அந்த விதி நியாயமா என்பதுதானே அவருடைய கேள்வி? ஹைவுக்கு முன்னோடியான ஸ்டீமிட் தளம் 2016இல் தொடங்கியபோது சொன்னது "நல்ல எழுத்துக்குப் பணம்". நடந்தது என்ன? அப்போது பரிசு பவரின் வர்க்கத்துக்கு ஏற்றபடி போனது. பத்து மடங்கு பவர் உள்ளவரின் ஓட்டுக்கு நூறு மடங்கு மதிப்பு. தொடக்கத்திலேயே சுரங்கம் தோண்டி (கணினியால் நாணயம் உருவாக்கி) காசு குவித்தவர்கள் யாரைப் பார்த்துக் கண்ணசைத்தார்களோ அவர்களுக்கே பணம். 2017 ஜூனில் அதை நேர்விகிதமாக மாற்றினார்கள். உடனே பிட்பாட்கள் (ஓட்டு விற்கும் தானியங்கிக் கணக்குகள்) பெருகின. காசு கட்டினால் ஓட்டு, தன் பதிவுக்குத் தானே ஓட்டு. எழுத்தைப் படித்துப் பார்க்க யாருக்கும் அவசியமே இல்லாமல் போனது. எந்த விதி வந்தாலும் லாபம் பவர் உள்ளவர்களுக்கே. காரணம் சொல்லாமல் ஒருவரின் ஒரு வார உழைப்பைத் துடைத்தெறியும் உரிமையை யார் கொடுத்தது?

கணக்கர்:
வைகறை, வரலாறு சரிதான். ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் என்ன நடக்கும்? அங்கே அடையாள அட்டை கிடையாது. ஒரே ஆள் ஆயிரம் கணக்கு திறந்து ஆயிரம் ஓட்டுப் போடுவான். பவரை ஆயிரம் கணக்காகப் பிரித்தாலும் மொத்த எடை கூடாது என்பதால்தான் எடை முறையை வைத்தார்கள்.

டவுன்வோட்டையும் தனியாகப் பார்க்க முடியாது. தினமும் புதிதாக உருவாகும் ஹைவில் ஒரு பகுதி பரிசுக் குளத்துக்குப் போகிறது. ஒரு நேரத்தில் அதில் இருப்பது இவ்வளவுதான். கண்மாய்த் தண்ணீர் மாதிரி, தலைமடைக்காரர் அதிகம் பாய்ச்சினால் கடைமடை காயும். ஒரு பதிவுக்கு அதன் தகுதிக்கு மேல் போனால் அந்தப் பணம் முகம் தெரியாத பல பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. டவுன்வோட் போட்டவர் அதில் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை, தொகை குளத்துக்கே திரும்புகிறது.

2019 ஆகஸ்டில் ஸ்டீமில் 21வது ஹார்ட்ஃபோர்க் (மென்பொருள் விதி மாற்றம்) வந்தது. எழுதுபவருக்கு 75, ஓட்டுப் போடுபவருக்கு 25 என்றிருந்த பங்கைப் பாதிப் பாதியாக்கினார்கள். டவுன்வோட்டுக்குத் தனியாக 25 சதவீத ஓட்டு வலிமையும் கொடுத்தார்கள். அதுவரை டவுன்வோட் போட்டால் அந்த அளவுக்கு அப்வோட்டில் குறையும், அதனால் பிட்பாட்களைத் தட்டிக் கேட்டவர்கள் குறைவு. அதற்குப் பிறகே காசு வாங்கி ஓட்டு விற்கும் தொழில் படுத்தது.

தறிச்சத்தம், பதிவின் ஓட்டுப் பட்டியலை மதிப்பு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். 9 டாலரில் அந்தச் சேவையின் பங்கு எவ்வளவு?

தறிச்சத்தம்:
பார்த்தேன். 8 டாலருக்கு மேல் அந்தச் சேவையின் ஓட்டு. மற்ற எல்லோரும் சேர்ந்து ஒரு டாலருக்கும் கீழே. டவுன்வோட் போட்டவரின் பக்கத்தையும் பார்த்தேன். அதே சேவை ஓட்டுப் போட்ட வேறு பல பதிவுகளிலும் அதே வரிதான் இருக்கிறது. என் எழுத்தைக் குறிவைக்கவில்லை என்பது தெரிந்ததில் ஓரளவு ஆறுதல். ஆனால் அவர் பதிவைத் திறந்து பார்த்திருக்கவே மாட்டார் என்பதும் தெரிகிறது.

வைகறை:
இதைத்தான் சொல்கிறேன். சேவையும் படிக்காமல் ஓட்டுப் போடுகிறது, அதைத் திருத்துபவரும் படிக்காமல் அடிக்கிறார். நடுவில் அடிபடுவது எழுதியவர். கடைசி நேரத்தில் அடிப்பது அதைவிட மோசம். இரண்டாம் நாளே போட்டிருந்தால் இவர் விளக்கம் சொல்லியிருக்கலாம், படித்தவர்கள் வந்து கை கொடுத்திருக்கலாம்.

கணக்கர்:
நேரத்தைப் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். காரணத்தைத் தெளிவாக எழுதிவிட்டு, பதில் சொல்ல அவகாசம் இருக்கும்போதே போடுவதுதான் முறை. பவர் கையில் இருப்பவர் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

பழங்கணக்கு:
ஸ்டீம் (ஸ்டீமிட் தளத்தின் பிளாக்செயின், அதன் நாணயத்துக்கும் அதே பெயர்) காலத்திலிருந்து இருக்கிறேன். இந்த எடை முறையால் எவ்வளவு தூரம் ஆபத்து வரும் என்பதை 2020இல் நேரில் பார்த்தோம். அந்த பிப்ரவரியில் ட்ரான் கிரிப்டோ நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அதனுடன் பெரிய ஸ்டீம் இருப்பும் அவர் கைக்குப் போனது. அந்த இருப்பு வளர்ச்சிப் பணிக்கு என்று முன்பு சொல்லப்பட்டது, அதை வைத்து ஓட்டுப் போடுவார் என்ற பயத்தில் விட்னஸ்கள் (பிளாக்செயினை இயக்க ஓட்டால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள்) அதை முடக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனிக்ஸ் ஆகிய கிரிப்டோ சந்தைகள் வாடிக்கையாளர்கள் நம்பி வைத்திருந்த ஸ்டீமைப் பவராக்கி விட்னஸ் தேர்தலில் சன்னுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டன. முதல் 20 இடங்களும் கைமாறின. காசுக்குச் சொந்தக்காரர்களை யாரும் கேட்கவில்லை. மார்ச் 20 அன்று சமூகம் பிரிந்து ஹைவைத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

ஹைவ் ஓட்டு விதிகளைப் பிறகும் திருத்தியது. 2021 ஜூனில் 25வது ஹார்ட்ஃபோர்க். முன்பெல்லாம் முதல் சில நிமிடங்களில் ஓட்டுப் போடும் பாட்களுக்குத்தான் நல்ல பங்கு கிடைக்கும். இப்போது முதல் 24 மணி நேரத்துக்குள் எப்போது போட்டாலும் ஒரே விகிதம். நிதானமாகப் படித்துவிட்டு ஓட்டுப் போடுபவருக்கு இனி நஷ்டம் இல்லை. இது நல்ல மாற்றம் என்று உறுதியாகச் சொல்வேன். விதியை மாற்ற முடியும். ஆனால் மாற்றுபவர்கள் விட்னஸ்கள். ஒரு கணக்கு 30 விட்னஸ் வரை ஓட்டுப் போடலாம், நம்மில் பலர் அந்தப் பக்கத்தையே திறப்பதில்லை.

தறிச்சத்தம்:
விவரமாகச் சொன்னதற்கு நன்றி. இப்போது நான் செய்யக்கூடியது என்ன? போன பணம் திரும்பாது என்பது புரிகிறது.

கணக்கர்:
திரும்பாது, முறையிட மேலிடமும் இல்லை. முதலில் டெலிகேஷனை ரத்து செய்யுங்கள், பவர் 5 நாளில் உங்களிடம் வந்துவிடும். அந்தச் சேவையின் ஓட்டு இருக்கும்வரை டவுன்வோட் போட்டவர் அடுத்த பதிவுக்கும் வருவார். அவரோடு சண்டை மட்டும் வேண்டாம். அவருடைய மதிப்பெண் (தளம் ஒவ்வொரு கணக்குக்கும் காட்டும் நன்மதிப்பு எண்) உங்களுடையதைவிட அதிகமாக இருந்தால் ஒவ்வொரு டவுன்வோட்டும் உங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கும், பதிவுகள் மறைக்கப்படும் நிலை வரலாம். ஒரே ஒரு முறை மரியாதையாக எழுதுங்கள்: "அந்தச் சேவையிலிருந்து விலகிவிட்டேன், இனி என் பதிவைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்".

திரும்பி வரும் பவரை நீங்களே பயன்படுத்துங்கள். முழு வலிமையில் ஒரு ஓட்டுப் போட்டால் உங்கள் ஓட்டு வலிமையில் 2 சதவீதம் செலவாகும், ஒரு நாளில் 20 சதவீதம் திரும்ப ஏறும். அதாவது தினம் பத்து ஓட்டு. நெசவு, சாயம், பருத்தி பற்றி எழுதும் மற்றவர்களைத் தேடிப் படியுங்கள், ஓட்டுப் போடுங்கள், கருத்து எழுதுங்கள். வருமானம் மெதுவாகத்தான் ஏறும்.

வைகறை:
உங்கள் கைத்தறிப் பதிவுகளின் சுட்டியை இங்கே போடுங்கள். என் பவர் சிறியதுதான், ஆனால் படித்துவிட்டுப் போடுவேன். என் அப்பாவும் தறி ஓட்டியவர்.

தறிச்சத்தம்:
டெலிகேஷனை ரத்து செய்துவிட்டேன், அவருக்கும் எழுதிவிட்டேன். சுட்டி என் சுயவிவரப் பக்கத்தில் இருக்கிறது, வைகறை. விட்னஸ் பட்டியலையும் திறந்தேன், அதில் பாதிப் பேரை யார் என்றே தெரியவில்லை. யாருக்குப் போடலாம் என்று எப்படி முடிவு செய்வது?

பழங்கணக்கு:
அவர்கள் எழுதுவதைப் படியுங்கள், அடுத்த ஹார்ட்ஃபோர்க் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். டவுன்வோட் பற்றிய அவர்களுடைய நிலைப்பாட்டை நேரடியாகவே கேட்கலாம், பலர் பதில் சொல்வார்கள். 30 இடத்தையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை, நம்பிக்கை வந்தவர்களுக்கு மட்டும் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இதைக் கவனமாகச் செய்கிறார் என்றால் அவரையே ப்ராக்ஸியாக (உங்கள் சார்பில் விட்னஸ் ஓட்டைத் தீர்மானிப்பவராக) வைத்துக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.