இணையத்தில் நடக்கிற தாளவாத்திய விழா, பாம்பன் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

பாம்பன்காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாம்பனில் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் 11 பேர். ஆறு பேர் பறை, மூன்று பேர் பள்ளி பேண்டில் சைடு டிரம், ஒருத்தி மிருதங்கம் (அதற்கு இராமநாதபுரம் போய்க் கற்று வருகிறாள்), ஒரு பையன் கஞ்சிரா. பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். வகுப்பு நடப்பது வலை வைக்கிற கொட்டகையில்.

மாணவர்களுக்கென்றே இணையத்தில் நடக்கிற ஒரு தாளவாத்திய விழாவில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நவம்பர் நடுவில் நடக்கிறது. முதலில் நாம் 8 நிமிட வீடியோ அனுப்ப வேண்டும், அப்புறம் ஒரு நாள் அமெரிக்காவிலிருந்து ஒரு கலைஞர் ஜூமில் 40 நிமிடம் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த இடத்திலேயே திருத்திக் கொடுப்பார். அதைக் கிளினிக் என்கிறார்கள், வருகிறவரைக் கிளினிஷியன் என்கிறார்கள்.

போன வாரம் ஒத்திகை பார்த்தோம், மனசு விட்டுப்போனது. பறையில் முதல் அடி கேட்கிறது, அடுத்து வருவதெல்லாம் அமுங்கிப்போகிறது. சைடு டிரம் ரோல் (இரண்டு குச்சியையும் விடாமல் வேகமாக உருட்டுவது) சுத்தமாகக் காணோம். தங்கச்சிமடத்தில் இருக்கிற பையனும் பாம்பனில் இருக்கிற பையனும் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள், நாலு அடிக்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது.

இன்னொன்றும் உறுத்துகிறது. வருகிறவர் ஸ்னேர் டிரம்மும் (நம் சைடு டிரம் மாதிரி) மரிம்பாவும் (மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பது) வாசிக்கிறவர். பறையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், நாங்கள் அவரிடம் என்ன கேட்பது? அவர் வாத்தியத்தைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளுக்குத் தங்கள் கையில் இருப்பது சின்னதாகத் தெரிந்துவிடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி_கீழக்கரை எழுதியது:

முதல் பிரச்சினைக்கு வழி இருக்கிறது தம்பி. ஜூம் பேச்சுக்காகச் செய்தது. ஃபேன் சத்தம், கதவு அடிக்கிற சத்தம், கீபோர்டு தட்டுகிற சத்தம் இதையெல்லாம் வடிகட்டி எறிந்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்பப் பார்க்கும். பறையடியும் அதற்குக் கதவு அடிக்கிற சத்தம்தான். லேப்டாப்பில் செட்டிங்ஸ், ஆடியோ போய் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைப் போடுங்கள், அதன் கீழே ஹை ஃபிடிலிட்டி மியூசிக் மோடு இருக்கும், அதையும் போடுங்கள். அது மட்டும் போதாது, கூட்டம் தொடங்கியதும் திரையின் மேலே 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு பொத்தான் வரும், அதையும் அழுத்தி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எதிரொலியை நீக்குகிற எக்கோ கேன்சலேஷனை எடுத்துவிட்டால் நீங்கள் ஹெட்போனில்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் குரலே திரும்பி அவருக்குப் போகும்.

மைக்கைப் பறையின் முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். ஏழெட்டு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். கிட்ட வைத்தால் சத்தம் உடைந்து பிசிறடிக்கும், ஒருமுறை உடைந்ததைப் பிறகு எதை வைத்தும் ஒட்ட முடியாது. கொட்டகையில் சுவர் மொட்டையாக இருந்தால் பழைய போர்வையும் கோரைப்பாயும் தொங்கவிடுங்கள். வெளியில் எடுக்கவே வேண்டாம், உங்கள் ஊர்க் காற்று மைக்கில் பட்டால் வாசிப்பு எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும்.

சேர்ந்து வாசிப்பதை விட்டுவிடுங்கள். கணக்குப் பாருங்கள், சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கிறவர் அடி உங்கள் காதுக்கு வர 29 மில்லி நொடி ஆகும், அதற்கே கூட்டு வாசிப்பு இழுக்கத் தொடங்கும். ஜூமில் 150 மில்லி நொடி தாமதம் என்பது சாதாரணம். அதாவது ஐம்பது மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிற கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்குள் தகதிமி சொன்னால் ஒரு எழுத்துக்கு 125 மில்லி நொடிதான். நீங்கள் 'த' அடித்தது அவனுக்குப் போய்ச் சேரும்போது நீங்கள் 'க' தாண்டி இருப்பீர்கள். ஜாமுலஸ், ஜாக்டிரிப் என்று இதற்கென்றே மென்பொருள் உண்டு, ஆனால் கம்பி வழி இணைப்பு வேண்டும், போன் டேட்டாவில் சரிப்படாது.

வீடியோவுக்கு எல்லாரும் ஒரே இடத்தில் நின்று வாசியுங்கள். யாராவது வர முடியாவிட்டால் மட்டும், வழிகாட்டும் தாளம் ஒன்றைப் பதிவு செய்து அவர் காதில் கேட்டபடி தனியாக வாசித்து அனுப்பட்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டு எல்லார் பதிவிலும் இருக்கட்டும், அதை வைத்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வரிசைப்படுத்திவிடலாம், அது இலவசம்தான்.

பாம்பன்காத்து எழுதியது:

காக்கா, மிக்க நன்றி. அந்த மேலே இருக்கிற பொத்தானைத்தான் நாங்கள் அழுத்தவே இல்லை. இன்றைக்கு அழுத்திப் பார்த்தோம், ரோல் வந்துவிட்டது!

தொப்பியும்வலந்தலையும் எழுதியது:

நான் மிருதங்க ஆசிரியன், முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் மாவட்டப் பெயரைத் தாங்கிய இராமநாதபுரம் வி. ராகவன், மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் கற்றவர், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். தமிழே தெரியாத பிள்ளைகளுக்குச் சொற்கட்டு (தகதிமி மாதிரி வாயால் சொல்கிற தாளச் சொற்கள்) ஏறியது. அப்படியிருக்க, பாம்பன் பிள்ளை அங்கிருந்து வருகிறவர் முன்னால் கூச ஒன்றும் இல்லை. தன் வாத்தியத்தை முதலில் வாயால் சொல்லிக் காட்டட்டும். ஏழு எண்ணுவதற்கு 'தகிட தகதிமி' என்று சொல்லிக் கையைத் தட்டினால் எந்த நாட்டுத் தாளக்காரருக்கும் அது மூன்றும் நாலும் என்று உடனே விளங்கும். ஐந்துக்குத் 'தக தகிட'. இன்னொரு லாபமும் இருக்கிறது, ஜூம் எதை வெட்டினாலும் குரலை வெட்டாது. அன்றைக்கு இணைப்பு மோசமாகி வாத்தியம் கேட்கவில்லை என்றாலும் கொன்னக்கோலில், அதாவது இப்படி வாயால் தாளம் சொல்லியே, வகுப்பு நடந்துவிடும்.

அவர்கள் பக்கமும் இதே மாதிரி அடிப்படைப் பாடம் உண்டு. அமெரிக்காவில் பெர்க்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்று 1961-இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது, அவர்கள் 40 அடிப்படை அடிகளைப் பட்டியலாக்கி வைத்திருக்கிறார்கள், ருடிமென்ட் என்று பெயர். கொரோனா நேரத்தில் அங்கேயும் வகுப்புகள் இணையத்துக்கு வந்தன, ஆகவே திரை வழியாகக் கேட்டுத் திருத்துவது அவர்களில் பலருக்குப் பழகிப்போன காரியம். அந்த நாற்பதில் பாரடிடில் என்று ஒன்று: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. உங்கள் சைடு டிரம் பிள்ளைகள் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு போகட்டும். பறைப் பிள்ளைகளும் அதையே தங்கள் குச்சியில் வாசித்துப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று கவனிக்கட்டும். இடிக்கிற இடம்தான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கஞ்சிராப் பையனிடம் தோலைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பழைய கஞ்சிரா உடும்புத் தோல். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்புக்கும் பொருந்தும், அதனால் இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் செய்கிறார்கள். பையன் இதைத் தெளிவாகச் சொல்லப் பழகட்டும். உள்ளே தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவதையும் செய்து காட்டட்டும், பார்க்கிறவர்கள் மறக்க மாட்டார்கள்.

தேவிபட்டினம்பொண்ணு எழுதியது:

நான் பொதுமுடக்கக் காலத்தில் இதே மாதிரி ஒன்றில் கலந்துகொண்டேன், அப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடக்கக் கூடாது. 40 நிமிடத்தில் 30 நிமிடம் வந்தவர் தன் அனுபவத்தைப் பேசினார். நல்ல மனிதர், நன்றாகத்தான் பேசினார். ஆனால் 14 பேரில் இரண்டு பேர்தான் வாசித்தோம். மற்றவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் என் தோழி ஒருத்தி இரண்டு வாரம் ஒரே பாடத்தைச் சாதகம் செய்திருந்தாள். அவள் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் மீது குற்றமில்லை அண்ணே, நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அதனால் அவர் நிரப்பினார். நீங்கள் பத்து நாள் முன்னாலேயே பிள்ளைகள் தனித்தனியாக வாசித்த ஒரு நிமிடப் பதிவையும் கூடவே ஒவ்வொருவரின் ஒரு கேள்வியையும் அனுப்பிவிடுங்கள். 11 பேருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், 33 நிமிடம் ஆகிறது, மிச்சத்தில் அவர் பேசட்டும். வாசிப்பது 40 நொடி போதும், அதற்கு மேல் போனால் திருத்த நேரம் இருக்காது. ஒரு போனை மேலேயிருந்து கை மட்டும் தெரிகிற மாதிரிக் கட்டிவிடுங்கள். எனக்குக் கிடைத்த ஒரே திருத்தம் அப்படிக் கட்டியதால்தான் கிடைத்தது: இடது முழங்கை தேவையில்லாமல் தூக்குகிறது என்றார். என் மாஸ்டர் எதிரில் உட்கார்ந்திருப்பார், அவர் பார்வைக்கு அது தெரிந்ததில்லை. இன்றைக்கும் வாசிக்க உட்கார்ந்தால் முதலில் முழங்கையைத்தான் பார்க்கிறேன்.

ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பிள்ளைகள் தமிழிலேயே கேட்கட்டும். ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்ற பயத்தில்தான் நாங்கள் வாயே திறக்கவில்லை.

ரெண்டுகுச்சி எழுதியது:

பறைக்காரன் பேசுகிறேன், முதுகுளத்தூர் பக்கம்.

சின்னதாகத் தெரிந்துவிடுமோ என்ற கவலை எனக்குப் புரிகிறது தம்பி, ஏனென்றால் அது வெளிநாட்டுக்காரரால் வருவதில்லை. பறையைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டு, வாசித்தவனைத் தெருமுனையில் நிற்க வைத்த ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளைக்கு அந்தக் கூச்சம் வீட்டிலேயே, பள்ளியிலேயே ஏறிவிடுகிறது. அதனால் ஒன்று செய்யுங்கள், அந்த 40 நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். சாமிச்சாட்டு, ஒத்தையடி என்று பறையின் எந்த அடிவகை வேண்டுமானாலும். வந்தவர் விருந்தினர் என்றால் இவரும் அன்றைக்கு ஆசான்தான், அந்த மரியாதையோடு உட்கார வையுங்கள். பெரியவருக்கு ஒரு தொகையும் கொடுங்கள், வேட்டி துண்டோடு நிறுத்த வேண்டாம்.

கேட்க என்ன இருக்கிறது என்கிறீர்களே, நிறைய இருக்கிறது. ஸ்னேர் வாசிக்கிறவருக்கு இரண்டு குச்சியும் ஒரே நீளம், ஒரே கனம். நமக்கு அடிக்குச்சி குட்டை, கனம். சிண்டுக்குச்சி நீளம், மெலிசு, வளையும். இரண்டும் தோலிலிருந்து ஒரே மாதிரித் திரும்பி வராது. வேகம் கூடும்போது சிண்டுக்குச்சி பின்தங்குகிறது, அதை மணிக்கட்டில் சமன் செய்வதா விரலில் செய்வதா என்று கேளுங்கள். குச்சி துள்ளுவதைப் பற்றி அவர்கள் நிறைய யோசித்தவர்கள், நல்ல பதில் வரும். அவருக்கும் இது புதுசாகத்தான் இருக்கும், அவரே குச்சியைத் தேடி எடுத்து முயற்சி செய்வார் பாருங்கள்.

நவம்பர் நம் பக்கம் மழை மாசம். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும். கூட்டம் தொடங்க அரை மணி முன்னால் தோல் விறைக்கத் தீயில் காய்ச்சி, நடுவில் ஒருமுறை காய்ச்ச ஆள் தயாராக இருக்கட்டும். காய்ச்சாத பறையைக் காட்டி அதுதான் பறை என்று அவர் நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

பாம்பன்காத்து எழுதியது:

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். பெரியவர் யோசனை சொன்னதும் பறைப் பையன்களில் ஒருவன் "எங்க தாத்தாவைக் கூப்பிடலாமா சார்" என்றான். இரண்டு வருடமாக வகுப்புக்கு வருகிறான், அவன் தாத்தா பறை வாசிப்பார் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். உடனே போய்க் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றார்.

விழாக்காரர்களுக்கு எழுதி ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். நேரம் நமக்குச் சாயங்காலம் 7 மணி, அவருக்குக் காலை 8.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்களாம், அதற்கு முந்தைய வாரம் ஒத்திகைக் கூட்டம் வைத்ததால் இதை இரண்டு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. வேறு யாராவது போவதாக இருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் கேள்வி எழுதிவிட்டார்கள், மிருதங்கக்காரப் பொண்ணு மட்டும் மூன்று எழுதிவிட்டு எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். வீடியோ வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்கு எடுக்கிறோம், காற்று எழும்புவதற்கு முன்னால். போர்வையும் பாயும் கட்டியாகிவிட்டது. பறை காய்ச்சுவதற்குக் காய்ந்த பனையோலையைப் பிள்ளைகள் கொட்டகை ஓரத்தில் நனையாமல் மூடி வைத்திருக்கிறார்கள்.