கிராண்ட் கேன்யன் வரைபடம்: கோடுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எப்படிப் படிப்பது?

மஞ்சக்குப்பத்துப் பையன்:
அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் 1:24,000 அளவு (தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 240 மீட்டர்) வரைபடம் ஒன்றை இறக்கி ஏ3 தாளில் பிரிண்ட் போட்டேன். பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றின் இரண்டு பக்கமும் உயரக் கோடுகள் ஒட்டி, வெறும் பழுப்புத் தீற்றல். ஜெராக்ஸ் கடை அண்ணனே, "மை இழுவிடுச்சு தம்பி, இன்னொண்ணு போடவா?" என்றார். இதில் எது செங்குத்துப் பாறை, எது ஏறி இறங்கக்கூடிய சரிவு?

பழைய சர்வேயர், புதுச்சேரி:
மை மேல் தப்பில்லை தம்பி. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம், அடியில் பேன்டம் ராஞ்ச் விடுதிப் பக்கம் ஆறு சுமார் 2,500 அடி. ஒவ்வொரு கோடும் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது; 40 அடி உயரத்துக்கு ஒரு கோடு என்றால் நூற்றுக்கு மேல் வரும். அதை ஏ3-க்குச் சுருக்கினால் ஒட்டாமல் என்ன செய்யும்? சுருக்கிய தாளில் 1:24,000 கணக்கும் செல்லாது, கீழே இருக்கும் அளவுகோல் பட்டையை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கணினியில் பெரிதாக்கி, தடித்த கோடுகளை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கு. ஐந்தில் ஒன்று தடிப்பாக இருக்கும். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் செங்குத்து, ரெட்வால் சுண்ணாம்புப் பாறை அப்படித்தான். அதற்குக் கீழே சட்டென்று விலகும் இடம் டோன்டோ மேடை, அங்கே தாராளமாக நடக்கலாம். அப்புறம் ஆற்றை ஒட்டி மறுபடியும் நெரிசல்.

கேப்பர்மலைக்காரன்:
ஓடைகளில் கோடு 'வி' மாதிரி வளையும். அதன் கூர்முனை காட்டுவது ஓடை வரும் திசை, போகும் திசை அல்ல. நான் முதலில் தலைகீழாகப் படித்துவிட்டேன். எங்கள் மலையின் செம்மண் ஓடைகளிலும் இதே கதைதான், கோடுதான் நாலைந்துக்கு மேல் தேறாது.

மஞ்சக்குப்பத்துப் பையன்:
டோன்டோ மேடை கிடைத்துவிட்டது ஐயா! கடை அண்ணனிடமும் காட்டுகிறேன்.